மாவில் விழுந்த தடம்

அந்த நான்கு தெருக்களில் இணையம் நின்றுபோனால் வயர்காரருக்கு யாரும் போன் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கே கேட்டுவிடும். முதலில் ஒரு கதவு திறக்கும். அப்புறம் எதிர்வீட்டுக் கதவு. "உங்க வீட்ல வருதா?" "எங்கங்க வருது, சுத்திக்கிட்டே இருக்கு" என்று மாடிக்கு மாடி குரல் தாவும். மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட அந்த நேரத்தில் வாசலுக்கு வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா, மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா என்றெல்லாம் விசாரித்துக்கொள்வார்கள். விசாரணை முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து வயர்காரரைத் திட்டுவார்கள்.

அன்று காலை எட்டரை மணி. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் காதில் வரிசையாகக் கதவுகள் திறக்கிற சத்தம் விழுந்தது. வாய் நிறைய நுரையோடு அப்படியே நின்றார்.

"போச்சு" என்றார்.

"என்ன போச்சு?" பின்கட்டிலிருந்து மனைவி கேட்டாள்.

"நெட்டு."

"மறுபடியுமா!"

வீடு ரயில் பெட்டி மாதிரி. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறை. பின்னால் இருப்பது சமையலறை. அங்கேதான் மனைவியின் பெரிய அடுப்பும், தட்டுகளும், மாவு மூட்டைகளும். நடுவில் படுக்கை, பீரோ, டிவி. முன்னறை வயர்காரருடையது. ஆளுயர இரும்பு ரேக்கில் பெட்டிகள் அடுக்கி, பச்சை விளக்குகள் மினுக்மினுக்கென்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். கீழே பேட்டரிகள். மேலே ஏசி, வீட்டில் மனிதர்களுக்கு இல்லாத ஏசி. நான்கு தெருக்களுக்கும் போகிற இணையம் அந்த அறையிலிருந்துதான் புறப்பட்டுப் போகிறது.

அவர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் ரேக்குக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்தார். மஞ்சள் வயர் ஒன்று, நகவெட்டியால் நறுக்கியதுபோல் இரண்டாகிக் கிடந்தது. பக்கத்தில் கறுப்பு அரிசி போல ஏழெட்டுப் புழுக்கை.

"எலிதான்! சொன்னேன்ல, எலிதான்னு! எல்லாம் உன் மாவால வந்த வினை!"

மனைவி கையில் மாவோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "மாவு வேணும்னா மாவு மூட்டையைக் கடிக்கணும். உங்க வயரை எதுக்குக் கடிக்குது?"

"தின்னுட்டு வந்து பல்லு குத்துது போல."

"ரொம்பத்தான். நான் அடுப்பு வச்சு ஆறு மாசம் ஆகுது. எலி வந்து மூணு மாசம்தான் ஆகுது. முதல் மூணு மாசம் எலியெல்லாம் விரதமா?"

பதில் கிடைக்காத இடத்தில் குரலை உயர்த்துவது வயர்காரர் வழக்கம். "இப்ப என்னைப் பேச வைக்காத. வேலை கிடக்கு" என்று கத்திவிட்டு ஒட்டுப்போடும் மிஷினை எடுத்தார்.

அந்த வேலை என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். மஞ்சள் உறையை உரித்து, உள்ளே தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நுனியைச் சமமாக நறுக்கி, இரண்டு முனைகளையும் மிஷினுக்குள் எதிரெதிரே படுக்க வைத்து மூடினார். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தேடி வந்து நேராகின. சின்னதாக ஒரு பொறி. ஒட்டிக்கொண்டது. இருபது நிமிடம்தான். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

கோபம் மட்டும் மூடவில்லை. அதற்கு எலி மட்டும் காரணமும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்புவரை அது வயர்காரர் வீடு. பொழுது போகவில்லை என்று மனைவி இஞ்சி பிஸ்கட் செய்து அக்கம்பக்கத்தில் கொடுக்க, அவர்கள் இன்னும் கேட்க, இப்போது அது பிஸ்கட்டக்கா வீடு. போன வாரம் பார்சல் கொண்டுவந்தவன் வாசலில் நின்று, "பிஸ்கட்டக்கா வீடு இதுதானே? நீங்க யாரு சார்?" என்று கேட்டான். பதினெட்டு வருஷமாக அந்தத் தெருவின் ஒவ்வொரு கம்பத்திலும் ஏறி இறங்கியவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அன்று சோறு இறங்கவில்லை. பிஸ்கட் மட்டும் நாலு இறங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் ஸ்கேன் சென்டர் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்துத் தெருவில் மாடி வைத்த கட்டடம். அங்கே எடுக்கிற ஸ்கேன் படமெல்லாம் வயர்காரர் போட்ட லைன் வழியாகத்தான் பெரிய ஊருக்குப் போய், அங்கே ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லி, திரும்பி வர வேண்டும்.

"அண்ணே, இந்த மாசத்துல இது நாலாவது தடவை" என்றார் டாக்டரம்மா. சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னைக்குக் காலையில ஒரு பொண்ணு, எட்டு மாசம், வயித்துல குழந்தை அசையலைன்னு ஓடி வந்துச்சு. படம் எடுத்துட்டு அனுப்ப முடியாம உட்கார்ந்திருந்தோம். அந்தப் பொண்ணு முகத்தை நீங்க பார்த்திருக்கணும்."

"குழந்தைக்கு...?"

"நல்லா இருக்கு. ஆனா அது தெரியறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் பாதி உயிர் போயிடுச்சு. பதினைஞ்சு நாள் பார்க்கறேன். அதுக்குள்ள இன்னொரு தடவை நின்னா வேற ஆளைத்தான் கூப்பிடணும். தப்பா நினைக்காதீங்க."

அவர் தப்பாக நினைக்கவில்லை. தெருவைக் கடந்து வரும்போது கால் ஈரத்தில் வழுக்கியதுகூடத் தெரியவில்லை. ஸ்கேன் சென்டர் போனால் பள்ளிக்கூடம் போகும், பள்ளிக்கூடம் போனால் தெருவே போகும் என்று வரிசையாக மனதில் ஓடியது. அதைவிட, முகம் தெரியாத அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது.

நேராகக் கடைக்குப் போய் எலி மருந்து வாங்கினார். பச்சை நிறத்தில் சோப்புக் கட்டி போல இருந்தது. மனைவியிடம் சொல்லாமல் ரேக்குக்கு அடியில் நாலு கட்டியைத் தள்ளி வைத்தார்.

இரண்டு நாள் அமைதி. வயர்காரர் விசில் அடித்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் காலையில் லேசாக ஒரு வாடை. பத்து மணிக்கு அது லேசாக இல்லை. மருந்து தின்ற எலி வெளியே போய்ச் சாகும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினார். அது பேட்டரிக்குப் பின்னால், கை எட்டாத சந்தில் போய் நிம்மதியாகச் செத்துக் கிடந்தது. ஏசி அந்த வாடையைக் குளிர வைத்து மூன்று அறைக்கும் பரிமாறியது.

பின்கட்டில் பள்ளி விளையாட்டு விழாவுக்காக முன்னூறு பிஸ்கட் ஆறிக்கொண்டிருந்தது.

மனைவி ஒன்றை எடுத்து முகர்ந்தாள். இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள். அப்புறம் முன்னறைக்கு வந்து, தரையில் குப்புறப் படுத்துக் கம்பியால் எதையோ துழாவிக்கொண்டிருந்த கணவனின் காலையும், பக்கத்தில் கிடந்த பச்சைக் கட்டியையும் பார்த்தாள்.

"இது என்ன?"

"அது... மருந்து."

"சாப்பிடற பொருள் செய்யற வீட்ல விஷம் வச்சிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"சொன்னா வேண்டாம்பே."

"வேண்டாம்னுதான் சொல்லுவேன்! மருந்தைத் தின்ன எலி என் மாவு மேல ஓடியிருந்தா? அதை நாளைக்கு முன்னூறு பிள்ளைங்க வாயில வைக்கறதா?"

வயர்காரர் எழுந்து உட்கார்ந்தார். தலையில் ஒட்டடை. அந்தக் கோணம் அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாவே இல்லாட்டி எலியே இல்ல. அதான் விஷயம்."

மனைவி திரும்பிப் பின்கட்டுக்குப் போனாள். முன்னூறு பிஸ்கட்டையும் குழி தோண்டிப் புதைத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். அடுப்பை அணைத்தாள். மாவு மூட்டை, சர்க்கரை, வெண்ணெய் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பினாள். சமையலறையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "மாவு இல்ல. இப்ப உங்க எலியும் இருக்கக் கூடாது. பார்க்கலாம்."

அப்புறம் அந்த வீட்டில் பேச்சு, தந்தி அடிக்கிற மாதிரி ஆயிற்று. "சோறு." "ம்." "குழம்பு?" "போதும்." வாசலில் ஆள் வந்து பிஸ்கட் கேட்டால், "இப்ப செய்யறதில்லைங்க" என்று திருப்பி அனுப்பினாள். அவர்கள் வயர்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். இணையம் நிற்கும்போதுகூட அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

முதல் நாள் போனது. இரண்டாம் நாள் போனது. மூன்றாம் நாள் வயர்காரர் மெதுவாக, "பார்த்தியா, நிம்மதியா இருக்குல்ல" என்று ஆரம்பித்தார். மனைவி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்குத் தெருவில் கதவுகள் திறந்தன.

அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து தலைமாட்டில் நின்றாள்.

"என்னங்க."

அவர் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

"இந்தத் தடவை ரெண்டு வயர்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. அவள் சிரித்துவிட்டாள். நாலு நாளில் முதல் சிரிப்பு. "எழுந்திரிங்க. ஸ்கேன் சென்டர் எட்டு மணிக்குத் திறக்கும். முதல்ல ஒட்டுங்க. அப்புறம் நான் ஒண்ணு சொல்றேன், எதிர்த்துப் பேசாம கேட்கணும்."

ஏழே காலுக்கெல்லாம் ஒட்டிவிட்டார். டாக்டரம்மாவுக்குத் தெரியாமலே போயிற்று. இரண்டு டீ குடித்துவிட்டு மனைவி முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அவள் சொன்னது எளிமையான விஷயம். எலி எங்கிருந்து வருகிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை, நீங்கள் என்னைச் சொல்கிறீர்கள், நான் உங்களைச் சொல்கிறேன், எலியையே கேட்டுவிடலாம். அப்பா வீட்டிலிருந்து ஒரு படி மாவு வாங்கி வந்தாள். சாயங்காலம் சல்லடையை எடுத்து, முன்னறையில் தொடங்கி சமையலறைப் பின்கதவு வரைக்கும், சுவரோரமாக ஒரு முழ அகலத்துக்குக் கோலமாவு போல மெல்லிசாகச் சலித்துக்கொண்டே போனாள். இருவரும் கட்டிலில் ஏறிக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"தண்ணி குடிக்கணுமே" என்றார் வயர்காரர்.

"விடிஞ்சதும் குடிச்சுக்கலாம். காலைக் கீழ வச்சீங்க, கொன்னுடுவேன்."

விடிந்தது. அவள் தரையோடு தரையாகக் குனிந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். வெள்ளை மாவில் குட்டிக் குட்டித் தடங்கள் துல்லியமாக இருந்தன. முன்னங்காலுக்கு நாலு விரல், பின்னங்காலுக்கு ஐந்து, நடுவில் வாலை இழுத்துப்போன கோடு. பின்கதவு ஓரத்தில் மாவு கலையவே இல்லை. சமையலறையில் தடம் உள்ளே வந்து, அடுப்பைச் சுற்றி, காலி அலமாரியைச் சுற்றி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பியிருந்தது. நடு அறையில் போனதும் வந்ததுமாக இரண்டு வரிசை. அவள் முட்டி போட்டே நகர்ந்து முன்னறைக்குப் போனாள். பின்னாலேயே வயர்காரர்.

தடம் எல்லாம் ரேக்குக்கு இடதுபக்க மூலையில் தொடங்கி அதே மூலையில் முடிந்தது. அந்த மூலையில் தரையிலிருந்து ஒரு கறுப்புக் குழாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன், ஸ்கேன் சென்டருக்குப் புது லைன் போட, தெருமுனைக் குழியிலிருந்து மண்ணுக்கடியில் அவரே இழுத்த குழாய்.

"இதோட வாயை அடைச்சீங்களா?"

"அடைச்சேனே! துணி வச்சு அடைச்சேன். மறுநாள் சிமெண்டு வைக்கலாம்னு..."

"எந்த மறுநாள்?"

வயர்காரர் குழாய்க்குள் விரலை விட்டுத் துணியை இழுத்தார். நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை விழுந்திருந்தது. மனைவி அதை வாங்கி விரித்துப் பார்த்தாள். கட்டம் போட்ட துணி. ஓரத்தில் ஒரு பொத்தான்.

"இது உங்க நீலச் சட்டை. இதைக் காணோம்னு எங்கிட்ட ரெண்டு நாள் சண்டை போட்டீங்க. துணி துவைக்கிற அம்மாவைக்கூட விடலை நீங்க."

"ஞாபகம் இல்ல" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

பிறகு அங்கேயே மாவுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருமுனைக் குழிக்குப் பக்கத்திலேயே சாக்கடை போகிறது. மழை பெய்து சாக்கடை நிரம்பினால் எலி மேலே ஏறும். ஏறினால் குழாய். குழாய்க்குள் நேராக ராஜபாட்டை. போகிற வழியில் பல் தினவெடுத்தால் கடிக்க அவருடைய வயர். பல் வளர்ந்துகொண்டே இருக்கிற ஜென்மம் எதையாவது கடித்துத்தான் ஆக வேண்டும். பிஸ்கட் இருந்தாலும் கடிக்கும், இல்லாவிட்டாலும் கடிக்கும். எல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தன் குழாயை மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"உன் வீட்டுக்கு எலி வந்ததே என்னாலதானா" என்றார்.

"அது ஏன் என் வீடு, உங்க வீடுன்னு. எழுந்திரிங்க, பின்னாடியெல்லாம் மாவு." அவள் அவர் முதுகைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள். "நீங்க கூட்டிட்டு வந்தீங்க. மாவைச் சாக்கோட திறந்து போட்டுச் சாப்பாடு போட்டது நான். இனிமே மூடி வச்ச தகர டின்லதான் வைப்பேன். அப்பாவுக்குப் போன் போடுங்க."

அவள் அப்பா கொத்தனார். கரண்டி, பூசுபலகை சகிதம் எட்டு மணிக்கு வந்து இறங்கினார். மாவுத் தடத்தையும் மாப்பிள்ளை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, எலிக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க. சுங்கம் வசூல் பண்ணியிருந்தா இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம்."

"மாமா, காலங்கார்த்தால ஆரம்பிக்காதீங்க."

"நான் எங்க ஆரம்பிச்சேன்? நீங்க ஆரம்பிச்சதைத்தான் அடைக்க வந்திருக்கேன்."

அன்று முழுக்க வேலை. கடையில் இருந்த பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் அத்தனையையும் மனைவி வாங்கி வந்தாள்; எலி பல்லுக்கு அது ஆகாது. வயர்காரர் குழாய்க்குள் வயரைச் சுற்றி அதைக் குத்திக் குத்தி அடைக்க, மாமனார் மேலே சிமெண்ட் வைத்துத் தேய்த்தார். தெருமுனைக் குழியில் இடுப்பளவு இறங்கி அந்த முனையையும் அடைத்தார்கள். ஏசி குழாய் போகிற ஓட்டைக்குக் கம்பி வலை. கதவுக்குக் கீழே விரல் போகிற இடைவெளி இருந்தது. அதற்கு ஒரு தகரப் பட்டை. தரையில் புரண்டு கிடந்த வயர்களை எல்லாம் தூக்கி, சுவரில் இரும்புத் தட்டு அடித்து அதன்மேல் வரிசையாகப் படுக்க வைத்தார் வயர்காரர். விஷக் கட்டிகளை எடுத்தெறிந்துவிட்டுச் சுவரோரமாக இரண்டு பொறி வைத்தார்கள். உள்ளேயே மாட்டிக்கொண்ட எலிகளுக்காக.

மத்தியானம் மூவரும் முன்னறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வயர்காரர் தட்டோடு ரேக் பக்கம் போகப் பார்த்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி.

"ஏசி காத்துல..."

"உள்ள இனிமே ஒரு பருக்கை போகக் கூடாது. இங்க உட்காருங்க."

மாமனார் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அவர் தோள் குலுங்கியது.

பொறியில் அன்றைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று விழுந்தது. அதற்கப்புறம் விழவில்லை. தினமும் விடிந்ததும் மனைவி சுவரோரம் தூவிய மாவைப் பார்ப்பாள். பூசியது போல அப்படியே இருக்கும். இரண்டு பெரிய மழை வந்து போனது. தெருவில் கதவுகள் திறக்கவில்லை. பின்கட்டில் அடுப்பு மறுபடி எரிந்தது. முதல் தட்டு பள்ளிக்கூடத்துக்குச் சும்மாவே போனது.

டாக்டரம்மா சொன்ன கெடு முடிகிற நாளில் வயர்காரர் தானாகவே ஸ்கேன் சென்டருக்குப் போனார். பதினைந்து நாளில் ஒரு தடவைகூட நின்றதாகத் தெரியவில்லையே, என்ன கோளாறு இருந்தது என்று டாக்டரம்மா கேட்டார். மேலே, தனக்கு லைன் கொடுக்கிற கம்பெனியில் கோளாறு என்று வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"கோளாறு என்னுதுங்க" என்றார். "உங்களுக்கு இழுத்த குழாய் வாயை நான்தான் ஒழுங்கா அடைக்கலை. அது வழியா எலி வந்துச்சு. நடுவுல ஒரு நாள் காலையிலயும் கடிச்சுச்சு, நீங்க வர்றதுக்குள்ள ஒட்டிட்டேன். கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி."

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க மெஷின் ரூம்லயும் ரெண்டு நாளா ஏதோ பிராண்டுற சத்தம் கேட்குது அண்ணே. அவங்களையும் கூட்டிட்டு வர முடியுமா?"

மறுநாள் காலை இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். முன்னால் சிமெண்டு, கரண்டி. பின்னால் மடியில் மாவு டின்னும் சல்லடையுமாக மனைவி.

மெஷின் ரூம் சின்ன அறை. வயர்காரர் அங்கிருந்த ரேக்குக்குப் பின்னால் முதலில் புகுந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை தெரிந்தது. உள்ளே பாதி பிஸ்கட், சுற்றிலும் துகள், துகளைச் சுற்றிப் புழுக்கை. உறைமேல் ஒட்டியிருந்த சீட்டில் மனைவியின் கையெழுத்து. அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. சட்டென்று உறையை எடுத்துப் பேண்ட் பைக்குள் திணித்தார். துகளைக் கையால் கூட்டி அள்ளி இன்னொரு பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பையில என்ன?" காதருகே கேட்டது மனைவியின் குரல்.

"ஆணி."

"ஆணியில இஞ்சி வாசனை வருதே."

அவர் எழுந்து நின்றார். காது மடல் சிவந்துவிட்டது. அவள் பைக்குள் கைவிட்டு உறையை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"எதுக்கு ஒளிச்சீங்க?"

"உன் பிஸ்கட்டாலதான் எலி வருதுன்னு நாலு பேர் சொல்லிடுவாங்கல்ல" என்றார் மெதுவாக. "ஒருத்தன் சொன்னதே போதும்."

அவள் அவர் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். பிறகு உறையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"டாக்டரம்மா! இந்த ரூமுக்குள்ள உட்கார்ந்து பிஸ்கட் தின்றது யாரு?"

வெளியே நின்ற மூன்று ஊழியர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள். டாக்டரம்மாவும் பார்த்தார்.

"நல்லா வாங்குங்க, நிறைய வாங்குங்க. ஆனா வராண்டாவுல உட்கார்ந்து தின்னுங்க! ஏசி காத்துல தின்னாத்தான் இறங்குமா?"

சொல்லிவிட்டு உள்ளே வந்து, டின்னைத் திறந்து சல்லடையில் மாவை அள்ளிப் போட்டாள். மூலையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன நிக்கறீங்க? டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் கீழ."

வயர்காரர் அவள் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் கீழே பிடித்தார்.